ஏத்துக்கிட்டா தோத்துட்டேன்னு ஆயிடாதா அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 19 வயசு, திருச்சில பி.காம் ரெண்டாவது வருஷம். சின்ன வயசுலேர்ந்தே திக்கும். ரூம்ல தனியா கண்ணாடி பாத்து பேசுனா ஒரு எழுத்து கூட தடுக்காது, ஆள பாத்துட்டா போச்சு. எல்லாத்தையும் விட கஷ்டம் என் பேருதான், 'க'ல ஆரம்பிக்கும். டெய்லி பஸ்ல பக்கத்துல உக்கார்ற ஒரு பொண்ணு (வேற காலேஜ்) முதல் நாள் பேரு கேட்டப்ப என் பேரு வரவே இல்ல, வாய்க்கு வந்த வேற ஒரு பேர சொல்லிட்டேன், ஒரு வருஷமா அவ என்னை அந்த பேர சொல்லிதான் கூப்பிடுறா. போன செமஸ்டர் டேலி லேப் வைவால, வித்த சரக்கு திரும்பி வந்தா என்ன நோட் குடுப்பீங்கன்னு கேட்டாங்க, கிரெடிட் நோட்னு நல்லா தெரியும், ஆனா அதுவும் 'க'ங்கறதால "தெரியல மேம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். தாத்தாவுக்கும் இருந்துச்சாம். அம்மா வசம்பு தேச்சாங்க, கூழாங்கல்ல வாய்ல போட்டு படிக்க வெச்சாங்க, இப்ப "பொண்ணு பாக்க வர்றப்போ நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்"ங்கறாங்க. யூட்யூப் பூரா 'உன்னை நீயே ஏத்துக்கோ'ன்னு சொல்றாங்க. ஏத்துக்கிட்டா முயற்சிய விட்டுட்டேன், தோத்துட்டேன்னுதானே அர்த்தம்? இது முழுசா போகுமா போகாதா, அத மட்டுமாவது சொல்லுங்க அக்கா.

பதில்:

தங்கச்சி, கடைசில கேட்டதுக்கே முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அத சுத்தி வளைச்சு பேசுற ஆளுங்கள நீ ஏற்கனவே நிறைய பாத்திருப்ப. 19 வயசு வரைக்கும் கூடவே வந்த திக்கு முழுசா, ஒரு துளி கூட மிச்சமில்லாம போறது அபூர்வம். குறையும், நல்லாவே குறையும், லேசாகும், சில நாள் இருக்கறதே தெரியாது, அப்புறம் ஒரு செமினார் அன்னைக்கோ தூக்கம் கெட்ட அன்னைக்கோ திரும்ப எட்டிப் பாக்கும். ஸ்பீச் தெரபிஸ்டா இத நான் உனக்கு நேராவே சொல்லணும். '10 நாள்ல திக்குவாய் பூரண குணம், உத்தரவாதம்'னு எங்கயாவது போர்டு பாத்தா அந்த பக்கமே போயிடாத, இதுக்குன்னே அங்கீகாரம் வாங்குன மாத்திரைன்னு ஒண்ணு இன்னிக்கு வரைக்கும் கெடையாது.

இத படிச்சதும் உனக்கு வயித்துல ஏதோ விழுந்த மாதிரி இருக்கும். இருக்கட்டும். மேல படி.

இது ஏன் வந்துச்சுன்னு உங்க வீட்ல நிறைய கதை ஓடியிருக்கும். திக்குற பையன் கூட விளையாடினா ஒட்டிக்கும், சின்னதுல ரொம்ப கிச்சுகிச்சு மூட்டிட்டாங்க, எதையோ பாத்து பயந்துடுச்சு, இப்படி. ஒண்ணுமே உண்மை இல்ல. பேசுறதுக்கு மூளை போடுற கணக்கு இருக்கே, எந்த தசை எந்த நொடில அசையணும்ங்கற டைமிங், அதுல இருக்கற ஒரு வித்தியாசம் இது. பெரும்பங்கு பரம்பரையா வர்றது. தாத்தாவுக்கு இருந்துச்சுன்னு நீ போற போக்குல எழுதியிருக்க, உன் கதைல முக்கியமான வரியே அதுதான்! 2லேர்ந்து 5 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், நூறு பிள்ளைங்கள எடுத்துக்கிட்டா சுமார் 5 பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்துல திக்கும், முக்காவாசி பேருக்கு தானா போயிடும், பொம்பள பிள்ளைங்களுக்கு இன்னும் கூடுதலா போயிடும், பெரியவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்கிட்ட தங்கிடும். அந்த ஒருத்தர்லயும் ஆம்பளைங்கதான் ஜாஸ்தி, பொண்ணுங்க கம்மி, அதனாலதான் உன்னை மாதிரி இன்னொரு பொண்ண நீ பாத்ததே இல்ல, உலகத்துலயே நீ ஒருத்திதான் இப்படின்னு தோணுது.

தனியா பேசுனா திக்கு வரல, பாட்டு பாடுனா வரல, பிரேயர்ல எல்லாரோடயும் சேந்து சொன்னா வரல. இத வெச்சு "அப்ப உனக்கு பயம்தான்மா, தைரியமா பேசு"ம்பாங்க. நாக்கு நல்லா இருக்குங்கறதுக்கு அது அத்தாட்சி, அவ்ளோதான். பயம் திக்க அதிகமாக்கும், அத உண்டாக்குறது பயம் கெடையாது. நாக்குல கோளாறே இல்லாதப்போ நாக்குல வசம்பு தேச்சு என்ன ஆகப் போகுது? அம்மா பாசத்துல பண்ணது, கோவிச்சுக்காத, ஆனா அந்த கூழாங்கல்ல மட்டும் இன்னிக்கே தூக்கிப் போட்டுடு, மூச்சுக்குழாய்ல போயி அடைச்சுக்கிட்டா திக்கறத விட பெரிய வம்பு.

இப்ப ஏத்துக்கறதுக்கு வருவோம். எனக்கும் அந்த யூட்யூப் பேச்சு பிடிக்காது. கண்ணாடி முன்னாடி நின்னு 'ஐ லவ் மைசெல்ஃப்'னு சொல்றதால எவளுக்கும் வைவால வாய் தொறந்தது இல்ல. உன் திக்க நீ நேசிக்கணும்னு எந்த அவசியமும் இல்ல, அது எரிச்சல் புடிச்ச விஷயம்தான், வரிசைல பின்னாடி பத்து பேர் நிக்கறப்போ ஒரு சொல்லு வராம நிக்கறத யாரு ரசிப்பா. நான் ஏத்துக்கோன்னு சொல்றது ஒண்ணே ஒண்ணதான், ஒளிக்கறத நிறுத்து.

உன் லெட்டர திரும்ப படிச்சுப் பாரேன். எத்தனை தடவ திக்குனன்னு நீ எழுதவே இல்ல. திக்காம இருக்க என்னெல்லாம் பண்ணன்னுதான் முழுக்க எழுதியிருக்க. பேரு மாத்தி சொன்னது, தெரிஞ்ச பதில தெரியாதுன்னது. எழுதாம விட்டதும் இருக்கும்னு நினைக்கிறேன், கேன்டீன்ல பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டு வாய்க்கு ஈசியா வர்ற எதையோ வாங்கி தின்னது, அட்டெண்டன்ஸ்ல 'ப்ரெசென்ட்' வராம ஃப்ரெண்டு குரல் குடுத்தது, போன் அடிச்சா எடுக்காம "மெசேஜ் பண்ணு"ன்னு டைப் பண்ணது, வாக்கியத்துல பாதி தூரம் போயி 'க' வரப்போகுதுன்னு தெரிஞ்சு வேற பக்கம் திருப்புனது. இதுல நீ இன்னிக்கு எக்ஸ்பர்ட் ஆகியிருப்ப. மார்க் போனதுக்கு காரணம் திக்கா? திக்கிட்டே 'கிரெடிட் நோட்'னு சொல்லியிருந்தா ஒரு பத்து செகண்டு ஆகியிருக்கும், மார்க் வந்திருக்கும். மார்க்க எடுத்துக்கிட்டு போனது அந்த 'தெரியல மேம்'தான்.

ஜோசப் ஷீஹன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், அவருக்கே திக்கு இருந்துச்சு, அவர்தான் திக்குவாய கடல்ல மெதக்குற பனிப்பாறையோட ஒப்பிட்டது. மத்தவங்க காதுல விழற திக்கு தண்ணிக்கு மேல தெரியற கொஞ்சூண்டு, வெக்கம், பயம், குத்த உணர்ச்சி, ஒளிக்கற வேலை எல்லாம் சேந்து கீழ பெருசா கெடக்கு. உன் விஷயத்துல மேல தெரியறது ரொம்ப சின்னது, உன் கூட படிக்கறவங்க பாதி பேருக்கு நீ திக்குவன்னே தெரியாது, அமைதியான பொண்ணுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. கீழ இருக்கறதுதான் உன்னை அழுத்துது.

இன்னொருத்தர் கதைய கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சார்லஸ் வான் ரைப்பர், 1905ல பொறந்தவர், எங்க துறைல பெரிய ஆளு, 1930கள்லயே மிச்சிகன்ல ஸ்பீச் கிளினிக் ஆரம்பிச்சவர். இள வயசுல அவருக்கு திக்கு பயங்கரமா இருந்துச்சு. எந்த அளவுக்குன்னா, வாயத் தொறக்க வேண்டாமேன்னு காது கேக்காத வாய் பேசாத ஆள் மாதிரி நடிச்சு ஒரு பண்ணைல கூலி வேலைக்கு சேந்துட்டாரு! நீ ஒரு பொண்ணுகிட்ட பேர மறைச்ச, அவர் மொத்த பேச்சையுமே மறைச்சாரு. அதுவும் தாங்க முடியாம ஊருக்கு கெளம்பி வர்ற வழில ஒரு வயசான மனுஷர பாக்கறாரு, அவரும் திக்குறவர், ஆனா முகத்த கோணாம, கண்ண இறுக்காம, சும்மா அப்படியே லேசா திக்கிட்டே பேசிட்டு போறாரு. கேட்டதுக்கு, எனக்கு வயசாயிடுச்சுப்பா, என்னோடயே சண்ட போட தெம்பு இல்ல, அதனால வார்த்தைய அது போக்குல கசிய விட்டுடறேன்ங்கற அர்த்தத்துல ஏதோ சொன்னாராம். வான் ரைப்பருக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. திக்காம பேச முயற்சி பண்றத விட்டுட்டு, லேசா திக்க கத்துக்குவோம்னு. ஏத்துக்கிட்டா தோத்துட்டேன்னு ஆயிடாதான்னு கேட்டல்ல, அந்த மனுஷன் ஏத்துக்கிட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்ச முறையத்தான் இன்னிக்கும் நாங்க கிளினிக்ல சொல்லிக் குடுக்கிறோம்.

அது என்னன்னு உன் 'க'வ வெச்சே சொல்றேன், இப்பவே வாய்ல பண்ணிப் பாரு. 'க' சொல்றப்போ நாக்கோட பின்பக்கம் மேல போயி அண்ணத்துல ஒட்டும், பின்னாடி காத்து சேரும், ஒட்டுனது விட்டதும் சத்தம் வரும். உனக்கு அடைக்கறப்போ என்ன நடக்குதுன்னா, அந்த நாக்கு ஒட்டுன இடத்துல இரும்பா இறுகிடுது, தொண்டையும் சேந்து பூட்டிக்குது, நீ இன்னும் தள்ளற, தள்ள தள்ள இன்னும் இறுகுது, அப்புறம் கண்ண இறுக்கமா மூடறது, தொடைய அழுத்தறது, கால தட்டறது எல்லாம் வந்து சேந்துக்கும். முதல்ல கண்ணாடி முன்னாடி வேணும்னே அந்த இறுக்கத்த கொண்டு வா, நாக்க அழுத்தி ஒட்டு, எங்க எவ்ளோ இறுகுதுன்னு கவனி. கவனிச்சுட்டு அங்கேயே இருந்தபடி கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணு, பட்டும் படாம ஒட்டற அளவுக்கு கொண்டு வந்து 'க்க்க'ன்னு மெல்ல கசிய விட்டு பேர முடி. பின்வாங்கி முதல்லேர்ந்து சொல்லாத, வேற வார்த்தைக்கு தாவாத. மாட்டுன இடத்துலயே நின்னு தளர்த்தி வெளிய வர்றதுதான் வித்தை. இது வரலன்னா, திக்கியே வார்த்தைய சொல்லி முடிச்சுட்டு, ஒரு செகண்டு நிறுத்தி, அதே வார்த்தைய லேசா இன்னொரு தடவ சொல்லலாம். ரெண்டுமே வான் ரைப்பர் விட்டுட்டுப் போனதுதான்.

இதுல பாரு, மாட்டுற வார்த்தைய நீ சொல்லவே போகலன்னா இத எங்க வெச்சு பழகுவ? அதனாலதான் ஒளிக்கறத நிறுத்தாம எந்த தெரபியும் ஓடாதுங்கறேன். "முதல்ல சரியாகட்டும், அப்புறமா பேசுறேன்"ங்கற பிளான்ல நீ ஆறாவதுலேர்ந்து இருப்பன்னு என் ஊகம்.

இன்னொண்ணு கேட்டா சிரிப்ப. வேணும்னே திக்கணும். உனக்கு நல்லா வர்ற வார்த்தையில, தெரியாத ஆள்கிட்ட, கடைக்குப் போயி "த-த-தயிர் பாக்கெட் இருக்காண்ணா"ன்னு கேளு. அவர் நிமிந்து பாப்பாரு, இல்ல பாக்கக்கூட மாட்டாரு, ஃப்ரிட்ஜ தொறந்து எடுத்து வெச்சுட்டு காச வாங்கிப்பாரு, பின்னாடி நிக்கறவர் போன நோண்டிட்டு இருப்பாரு. நீ மனசுல ஓட்டி வெச்சிருக்க சினிமால இந்த சீன் பயங்கரமா இருக்கும், நிஜத்துல சப்புனு முடிஞ்சிடும். சரி, ஒருத்தர் சிரிச்சாலும் சிரிக்கலாம், அதையும் மறைக்க மாட்டேன். நம்மூர் காமெடி டிராக்குல திக்குவாய வெச்சு அத்தனை வருஷமா சிரிக்க வெச்சிருக்காங்க, ஜனங்களுக்கு அது ஜோக்குனே பதிஞ்சு போச்சு. ஆனா வேணும்னே திக்கிட்டு நிக்கறப்போ வர்ற சிரிப்பு வேற மாதிரி படும், ஏன்னா அந்த தடவ ஸ்டீயரிங் உன் கைல இருந்துச்சு. கடைக்கு அப்புறம் கஸ்டமர் கேர், அவங்களுக்கு நீ யாருன்னே தெரியாது, பிராக்டிஸுக்கு அத விட தோதான இடம் இல்ல. அதுக்கு அப்புறம் கிளாஸ். ஒரேயடியா செமினார்ல போயி ஆரம்பிக்காத.

பஸ் பொண்ணு விஷயம். எனக்கு லெட்டர்ல பிடிச்சதே அவதான். ஒரு வருஷமா டெய்லி பக்கத்துல உக்கார்றான்னா உன்னை பிடிச்சுத்தானே உக்கார்றா. அவகிட்ட சொல்லிடு. வாயால வரலன்னா முதல்ல மெசேஜ்ல கூட சொல்லலாம், ஆனா பேர மட்டும் நேர்ல, திக்கிட்டே சொல்லு. "எனக்கு திக்கும், அன்னிக்கு என் பேரு வரல, அதான் மாத்தி சொல்லிட்டேன்." அவ ஒரு நிமிஷம் முழிப்பா, அப்புறம் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீங்கன்னு நினைக்கிறேன். அப்படி சிரிக்காம ஒதுங்கிப் போற ஆளா இருந்தா, அதுவும் தெரிஞ்சுட்டு போகட்டும். அதே மாதிரி அடுத்த வைவாவுக்கு முன்னாடி லேப் மேம்ட்ட போயி "எனக்கு திக்கும் மேம், பதில் தெரியும், சொல்லி முடிக்க கொஞ்சம் டைம் ஆகும்"னு சொல்லி வெச்சிடு. சொல்லிட்டா ஒளிக்கற வேலை போச்சு, ஒளிக்கற வேலை போனதும் பாதி திக்கு தானா குறையறத நாங்க கிளினிக்ல அடிக்கடி பாக்கறோம். நாளைக்கு ப்ளேஸ்மென்ட்ல ஹெச்.ஆர்.கிட்டயும் இதே வாக்கியம் போதும். சரளமா பேசுனாத்தான் மேடைன்னு ஒண்ணும் இல்ல. 2020ல அமெரிக்க எலெக்ஷன் சமயம் ஜனநாயகக் கட்சி மாநாட்டுல 13 வயசு பையன் ஒருத்தன் பேசுனான், அவனுக்கும் திக்கு, பேசிட்டே இருக்கறப்போ ஒரு வார்த்தைல மாட்டி, அத விடாம சொல்லி முடிச்சு, அடுத்த வரிக்கு போனான், நாடே பாத்துச்சு.

அம்மா விஷயம் கொஞ்சம் கஷ்டம், தெரியும். "மெதுவா பேசு, மூச்ச இழுத்து விடு, திரும்ப முதல்லேர்ந்து சொல்லு"ன்னு வீட்ல சொல்றது எல்லாம் உதவின்னு நினைச்சுதான். ஆனா இது பிள்ளைங்கள என்ன பண்ணும்ங்கறதுக்கு கசப்பான ஒரு சம்பவம் இருக்கு. 1939ல அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு அனாதை இல்லத்துல 22 பிள்ளைங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல நல்லா பேசிட்டு இருந்த சில பிள்ளைங்ககிட்டயே உனக்கு திக்குது, திக்குனா நிறுத்து, சரியா வரும்னா மட்டும் பேசுன்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க. அந்த பிள்ளைங்களுக்கு நிஜமான திக்குவாய் வந்துச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா பேசறதையே கொறைச்சுக்கிட்டாங்க, கூச்சப்பட்டு ஒடுங்கிட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு, 2001ல அந்த யுனிவர்சிட்டி மன்னிப்பு கேட்டுச்சு. திருத்தி திருத்தி பேச வெச்சா பிள்ளை பேச கத்துக்காது, வாய மூட கத்துக்கும்.

அதனால அம்மாகிட்ட இத நீயே சொல்லு, நான் பேசி முடிக்கற வரைக்கும் என் முகத்த பாத்துட்டு சும்மா இரும்மா, நடுவுல எடுத்துக் குடுக்காதன்னு. பொண்ணு பாக்க வர்ற விஷயத்துல என் கருத்து கறாரானது. ஒளிச்சு பண்ற கல்யாணத்துல அந்த பஸ் பொண்ணு கதைய வாழ்நாள் பூரா ஓட்டணும், மாமியார் வீட்ல எத்தனை நாள் வாயத் தொறக்காம இருப்ப? வர்றவங்க முன்னாடி நீ திக்கியே ரெண்டு வார்த்த பேசு, கெளம்பிப் போறவங்க போகட்டும். அது வரைக்கும் படிப்ப முடி, 19 வயசுல இதுக்கு என்ன அவசரம்னு எனக்கு புரியல, அது அம்மாவுக்கும் சேத்துதான்.

ராத்திரி தூக்கம் வராம, எதுக்கு இருக்கோம்ங்கற மாதிரி நெனப்பு வருதுன்னா அத திக்கோட போட்டு கொழப்பிக்காத, அதுக்கு தனியா ஆள் பாக்கணும், 14416ங்கற டெலி மனஸ், அரசோட மனநல உதவி நம்பர், இலவசம், தமிழ்ல பேசலாம். போன்ல பேச பயப்படுற பொண்ணுக்கு போன் நம்பரான்னு நினைக்காத, "திக்கும், கொஞ்சம் பொறுங்க"ன்னு ஆரம்பி. இல்லன்னா ஜி.ஹெச்.ல நேரா போயி பாரு.

தெரபிஸ்ட தேடறப்போ ஆர்.சி.ஐ. ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னு கூச்சப்படாம கேளு, மத்திய அரசோட மறுவாழ்வு கவுன்சில் குடுக்கறது, இந்த வேலைக்கு அது இருக்கணும். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை பிரிவுல கேட்டா வழி சொல்லுவாங்க. கூடவே தி இண்டியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, திக்குறவங்களே சேந்து நடத்துறது, மீட்டிங்ல எல்லாரும் திக்கிட்டேதான் பேசுவாங்க, ஒரு தடவ போயி உக்காந்து பாரு, ஆன்லைன்லயும் சேந்துக்கலாம். முதல் நாள் தெரபிக்கு அம்மாவ கூட்டிட்டு போ, ஆனா உள்ள போனதும் "என்னம்மா பிரச்சனை, பேரு என்ன"ன்னு கேட்டா பதில் நீதான் சொல்லணும், எவ்ளோ நேரம் ஆனாலும். அம்மா நடுவுல பூந்தா அந்த தெரபிஸ்டே கைய காட்டி நிறுத்துவாங்க. நிறுத்தலன்னா வேற ஆள பாரு.